சறுக்கத் தொடங்கும் கணம்: உராய்வுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கட்டு விடைத்தாளைத் திருத்தி முடித்தேன். மாணவனாக இருந்தபோது நான் செய்த அதே தவறுதான் பக்கத்துக்குப் பக்கம். அலகு விட்டுப்போவது, படம் வரையாதது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை விடுகிறேன்.

உராய்வு என்றதும் குணகத்தால் பெருக்குவது

தரையில் 10 கிலோ பெட்டி. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் (அசையாத பொருள்மேல் எழக்கூடிய உச்ச உராய்வுக்கும் பரப்பு அதைத் தாங்கும் விசைக்கும் உள்ள விகிதம்) 0.5. பக்கவாட்டில் 20 நியூட்டன் விசையால் தள்ளுகிறோம், பெட்டி அசையவில்லை. உராய்வு விசை எவ்வளவு? புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்து, எடையான 100 நியூட்டனைக் குணகத்தால் பெருக்கி, 50 நியூட்டன் என்று எழுதிவிடுகிறார்கள். இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். முன்னால் 20, பின்னால் 50 என்றால் பெட்டி தள்ளுகிறவர் மேலேயே வந்து மோத வேண்டுமே!

விடை 20தான். 50 என்பது உச்சவரம்பு. 5 நியூட்டனில் தள்ளினால் உராய்வும் 5, 49 என்றால் 49, தள்ளாவிட்டால் சுழி. வரம்பைத் தாண்டினால்தான் பெட்டி நகரும்.

இதே குழப்பத்தால் ஆய்வகத்தில் என் மூன்று நாள் உழைப்பு வீணானது. சாய்தளத்தில் மரக்கட்டை அசையாமல் நின்ற ஒவ்வொரு கோணத்துக்கும் டேன்ஜென்ட் மதிப்பைக் குணகமாகக் குறித்தேன். 10 டிகிரிக்கு 0.18, 20 டிகிரிக்கு 0.36. சாய்வு கூடினால் குணகமும் கூடுகிறது என்று முடிவும் எழுதினேன். கட்டை சறுக்கத் தொடங்கும் அந்த ஒரு கோணத்தில் மட்டுமே டேன்ஜென்ட், குணகத்தைத் தரும். அதற்கு முன்பு நான் அளந்ததெல்லாம் வெறும் சாய்வைத்தான்.

முள் விழுந்த பிறகு அளவெடுப்பது

கட்டையைச் சுருள்வில் தராசால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். முள் ஏறிக்கொண்டே போகும், கட்டை அசையாது. திடீரென்று கட்டை நகரும், முள் சட்டென இறங்கும். ஓய்வுநிலைக் குணகத்துக்கு வேண்டியது அந்த உச்சம். அப்புறம் காட்டுவது இயக்க உராய்வு.

எடையையே செங்குத்து விசையாக எடுப்பது

செங்குத்து விசை என்பது பரப்பு தனக்குச் செங்குத்தாகப் பொருளைத் தள்ளும் விசை. கயிற்றை மேல்நோக்கிச் சாய்த்து இழுத்தால் எடையில் ஒரு பங்கைக் கயிறு தாங்கும். செங்குத்து விசை குறையும், உச்சவரம்பும் குறையும்.

தொடுபரப்பைக் கணக்கில் சேர்ப்பது

வேண்டாம். மரத்துக்கும் உலோகத்துக்கும் அது தேவையில்லை என்று பிரெஞ்சு இயற்பியலாளர் அமோன்டன்ஸ் 1699இலேயே காட்டிவிட்டார்.

காத்திருந்த நேரத்தை மறப்பது

கட்டை ஒரே இடத்தில் இருக்க இருக்க, பரப்புகளின் நுண்ணிய தொடுபுள்ளிகள் மெல்ல விரிந்து ஓய்வுநிலை உராய்வு கூடும். உராய்வை ஆராய்ந்த பிரெஞ்சு இயற்பியலாளர் கூலோமே இதைக் கவனித்திருக்கிறார். அதனால் ஒவ்வோர் அளவுக்கும் முன்பு கட்டையை வைத்துவிட்டு, 60 விநாடி எண்ணிய பிறகே இழுக்கிறேன்.