ஸ்கிரீன் கருப்பாவே கீதுண்ணே: லினக்ஸில் கிராபிக்ஸ் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது

கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு மத்தியானம், குடியாத்தத்தில் டிடிபி கடை வைத்திருக்கிற தம்பி ஒருத்தன் போன் செய்தான். "அண்ணே, அப்டேட் போட்டேன், ரீஸ்டார்ட் பண்ணேன், இப்போ ஸ்கிரீன் கருப்பாவே கீதுண்ணே. கல்யாணப் பத்திரிகை ஒண்ணு சாயங்காலத்துக்குள்ள பிரிண்ட்டுக்குப் போவணும்." நான் இருப்பது வேலூர் சத்துவாச்சாரியில். பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதற்குள் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் "ஃபார்மேட் போட்டுடுப்பா, வேற வழியில்ல" என்று பென்டிரைவோடு வந்து நின்றுகொண்டிருக்கிறார்.

ஃபார்மேட் போடாதீர்கள். டிரைவர், அதாவது கிராபிக்ஸ் கார்டை ஓட்டுகிற மென்பொருள், கெட்டுப்போனால் திரைதான் போகும், உங்கள் ஃபைல்கள் டிஸ்க்கில் அப்படியேதான் இருக்கும். அன்றைக்குப் போனிலேயே பத்து நிமிஷத்தில் அவன் மெஷின் எழுந்துவிட்டது. எப்படி என்று சொல்கிறேன். கட்டளைகளையும் போனில் சொல்கிற மாதிரி உச்சரிப்பாகவே எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

அவனிடம் நான் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: படம் எந்த இடத்தில் நின்றது? பவர் போட்டதும் கம்பெனி லோகோவாவது வந்ததா? லோகோ வந்து, க்ரப் மெனு (எதில் பூட் ஆக வேண்டும் என்று கேட்கிற பட்டியல்) வந்து, அப்புறம் கருத்ததா? இல்லை, பாஸ்வேர்டு கேட்கிற இடம் வரைக்கும் வந்து, உள்ளே நுழையும்போது போனதா? இது தெரியாமல் டிரைவரில் கை வைப்பது, பல்லில் வலியா காதில் வலியா என்று கேட்காமல் பல்லைப் பிடுங்குகிற மாதிரி.

லோகோவே வரவில்லை என்றால் லினக்ஸ் மேல் பழி போடாதீர்கள், அது இன்னும் எழுந்திருக்கவே இல்லை. கேபினெட்டின் பின்பக்கம் பாருங்கள். மதர்போர்டில் ஒரு எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், கீழே படுக்கைவாட்டில் செருகியிருக்கிற கிராபிக்ஸ் கார்டில் இன்னொன்று இருக்கும். கார்டு போட்ட மெஷினில் கேபிளை மதர்போர்டு ஓட்டையில் செருகிவிட்டு "படம் வரல" என்று சொன்னவர்களை எண்ண என் கைவிரல்கள் போதாது. அது சரியாக இருந்தால் பவரை எடுத்துவிட்டு ரேமைக் கழற்றி, தங்கநிறப் பட்டையைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் தூள் தட்டிவிட்டுத் திரும்பச் செருகுங்கள். நம்ம ஊர் புழுதிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை இது தேவைப்படும். அப்படியும் லோகோ வரவில்லையென்றால் மெஷினைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

லோகோ வந்து அதற்கப்புறம் கருத்துப்போகிறது என்றால் அது நம்ம விஷயம்.

பழைய பயாஸ் மெஷின் என்றால் பவர் போட்டதும் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், புதுசு என்றால் எஸ்கேப்பை ஒரு தடவை தட்டுங்கள். க்ரப் மெனு வரும். எஸ்கேப்பைப் பதற்றத்தில் நாலைந்து தடவை தட்டினால் மெனுவைத் தாண்டி "க்ரப்" என்று ஒரு வெற்று வரியில் போய் நிற்கும். பயப்பட வேண்டாம், ரீபூட் என்று தட்டிவிட்டுத் திரும்ப முயலுங்கள். மெனுவில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" உள்ளே போனால் கர்னல்கள் (லினக்ஸின் மையப் பகுதி) வரிசையாக இருக்கும், மேலே புதுசு, கீழே பழசு. பழசைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுங்கள். குடியாத்தம் தம்பிக்கு வேலை செய்தது இதுதான். அப்டேட்டில் புது கர்னல் வந்திருக்கிறது, ஆனால் என்விடியா டிரைவரின் மாட்யூல் (கர்னலுக்குள் ஏறுகிற துண்டு) அந்தப் புது கர்னலுக்காகக் கட்டப்படவில்லை. பழைய கர்னலுக்குக் கட்டியது அப்படியே இருந்தது, அதனால் அதில் எழுந்தது. பத்திரிகை பிரிண்ட்டுக்குப் போனது. மற்றதை ராத்திரி பார்த்துக்கொண்டோம்.

பழைய கர்னலிலும் கருப்பு என்றால், மெனுவில் முதல் வரிமேல் நின்று "ஈ" எழுத்தைத் தட்டுங்கள். லினக்ஸ் என்று ஆரம்பிக்கிற நீளமான வரியைத் தேடி, அதன் கடைசிக்குப் போய், ஓர் இடைவெளி விட்டு நோமோட்செட் என்று சேருங்கள். நோ, மோட், செட், மூன்றும் ஒட்டி, நடுவில் இடைவெளி கூடாது. (இதைப் போனில் சொல்லும்போது மோட் என்பதை மூடு என்று கேட்டு ஒருவர் அரைமணி நேரம் தவித்திருக்கிறார்.) அப்புறம் கன்ட்ரோலோடு எக்ஸ், அல்லது எஃப்10. இப்படிச் செய்தால் கர்னல் கிராபிக்ஸ் டிரைவரைக் கொண்டு திரையை மாற்றியமைக்கப் போகாது, பயாஸ் கொடுத்த சாதாரணப் படத்தை வைத்தே ஓட்டும். எழுத்து பெரிசாக, கட்டமாக, மெதுவாக வரும். அது போதும், உள்ளே நுழைவதற்குத்தான் இது. இந்த மாற்றம் ஒரு தடவை பூட் ஆவதற்கு மட்டும்தான். இதையே நிரந்தரமாகப் போட்டுவிட்டு "லினக்ஸ் ரொம்ப ஸ்லோ சார்" என்று ரெண்டு வருஷம் ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையைக் கொடுத்து ரென்டரர் என்ற வரியைப் பாருங்கள். அதில் எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, படம் வரைகிற வேலையெல்லாம் பிராசஸர் தலையில் விழுகிறது என்று அர்த்தம்.

உள்ளே வந்தாயிற்று. டெர்மினலை (கட்டளை தட்டுகிற ஜன்னல்) திறந்து எல்எஸ்பிசிஐ, ஓர் இடைவெளி, ஒரு சின்னக் கோடு, கே. இவ்வளவுதான். நீளமாக ஓடும், அதில் விஜிஏ என்று வருகிற இடத்தைத் தேடுங்கள். லேப்டாப்பில் இன்டெல் ஒன்றும் என்விடியா ஒன்றுமாக ரெண்டு இருந்தால், இரண்டாவது 3டி கன்ட்ரோலர் என்ற பெயரில் வரலாம். அதற்குக் கீழேயே "கர்னல் டிரைவர் இன் யூஸ்" என்று ஒரு வரி இருக்கும். ஐ915 என்றால் இன்டெல், ஏஎம்டிஜிபியு அல்லது ரேடியான் என்றால் ஏஎம்டி, நூவோ என்றால் என்விடியா கார்டுக்கு மற்றவர்கள் எழுதிய திறந்தமூல டிரைவர், என்விடியா என்றே இருந்தால் கம்பெனி டிரைவர். அந்த வரியே இல்லையென்றால் கார்டுக்கு டிரைவரே ஏறவில்லை.

இன்டெல், ஏஎம்டி வைத்திருக்கிறவர்கள் புண்ணியம் செய்தவர்கள். டிரைவர் கர்னலிலும், லினக்ஸோடு வருகிற மெசா என்ற திறந்தமூல கிராபிக்ஸ் தொகுப்பிலும் ஏற்கெனவே இருக்கிறது, எங்கேயும் போய் இறக்க வேண்டாம். 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வின்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பழைய மெஷின்கள் இன்னும் என் கைக்கு வரும், கிராபிக்ஸில் தொந்தரவு என்று ஒன்றைக்கூடப் பார்த்த ஞாபகம் இல்லை. இன்டெல், ஏஎம்டி இரண்டிலும் திரை சொதப்பினால் பெரும்பாலும் ஃபர்ம்வேர் ஃபைல் (கார்டுக்குள் ஏற்ற வேண்டிய குட்டி மென்பொருள்) இல்லாததுதான். டிமெசேஜ் கட்டளையை (டி, எம், இ, எஸ், ஜி, முன்னால் அட்மின் உரிமையோடு ஓட்டச் சொல்கிற சூடோ) கொடுத்து ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடினால் "ஃபெயில்டு டு லோடு" என்று அழுதுகொண்டிருக்கும். உபுண்டு, மின்ட்டில் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜைப் போடுங்கள். டெபியனில் 2023-ல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து இன்ஸ்டாலரே ஃபர்ம்வேரைச் சேர்த்துத் தருகிறது, அதற்கு முந்தையது என்றால் நான்-ஃப்ரீ பகுதியை நீங்களே திறந்துவிட வேண்டும்.

என்விடியாவுக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். அவர்கள் பழைய கார்டுகளை அவ்வப்போது கழற்றிவிடுவார்கள், அதனால் எந்தக் கார்டுக்கு எந்த டிரைவர் வரிசை என்று பொருத்தம் பார்க்க வேண்டும். பழைய சாமான் கடையிலும் அசெம்பிள் மெஷினிலும் அதிகம் கிடைக்கிற ஜிடி 710 கெப்ளர் தலைமுறை, அதற்கு 470 வரிசைதான் கடைசி. அதற்கு முந்தைய ஃபெர்மி கார்டு என்றால் 390. அதற்கும் முந்தைய ஜி210 போன்றவை 340. ஜிடி 710-க்குப் போய்ப் புதுசு நல்லது என்று 535-ஐப் போட்டால் கருப்புத் திரைதான் கிடைக்கும். இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்றால் உபுண்டுவில் உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ் என்று கொடுங்கள், எதன் பக்கத்தில் ரெகமெண்டட் என்று வருகிறதோ அதைப் போடுங்கள். மின்ட்டில் டிரைவர் மேனேஜர் என்று ஜன்னலே இருக்கிறது. தயவுசெய்து கம்பெனி தளத்திலிருந்து ரன் ஃபைலை இறக்கிப் போடாதீர்கள். அன்றைக்கு வேலை செய்யும், அடுத்த கர்னல் அப்டேட்டில் கவிழ்த்துவிடும், கழற்றுவதும் தலைவலி.

ஏற்கெனவே குழம்பிக் கிடந்தால் எல்லாவற்றையும் வழித்தெடுங்கள்: சூடோ ஆப்ட் பர்ஜ், அப்புறம் ஒற்றை மேற்கோளுக்குள் என்விடியா, சின்னக் கோடு, நட்சத்திரக் குறி. என்னென்ன நீக்கப்போகிறது என்று பட்டியல் காட்டும், அதைப் படித்துவிட்டு ஒய் தட்டுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் நூவோவில் எழும். டிடிபி, பில் போடுவது, யூடியூப் இவ்வளவுதான் வேலை என்றால் நூவோவே போதும் என்பது என் கட்சி. கேம், பிளெண்டர், வீடியோ எடிட்டிங் என்றால் மட்டும் கம்பெனி டிரைவருக்குப் போங்கள்.

தம்பி மெஷினில் ராத்திரி பார்த்தது இது. டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்று கொடுத்தால் எந்தக் கர்னலுக்கு மாட்யூல் கட்டியிருக்கிறது என்று காட்டும். பழைய கர்னல் இருந்தது, புதுசு இல்லை. காரணம், புது கர்னலின் ஹெடர்ஸ் பேக்கேஜ் வரவே இல்லை, அது இல்லாமல் மாட்யூலைக் கட்ட முடியாது. லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் போட்டோம், சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால் கொடுத்தோம், ரெண்டு நிமிஷம் ஃபேன் இரைந்தது, முடிந்தது. ஹெடர்ஸ் இருந்தும் எரர் அடித்துக் கட்ட மறுத்தால், அந்தப் பழைய டிரைவர் புது கர்னலோடு ஒத்துப்போகவில்லை என்று எடுத்துக்கொண்டு பழைய கர்னலிலேயே இருங்கள், அல்லது நூவோவுக்கு வாருங்கள்.

இன்னொரு பள்ளம் செக்யூர் பூட், அதாவது செல்லுபடியாகிற கையெழுத்து இல்லாததை ஓடவிடாத பாதுகாப்பு. டிரைவர் போடும்போது நடுவில் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ஏதோ கேட்கிறது என்று எதையோ அடித்துவிட்டுப் போய்விடுவோம். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வரும், மேலே மோக் மேனேஜ்மென்ட் என்று இருக்கும். பெரும்பாலானோர் வைரஸ் என்று பயந்து "கன்டின்யூ பூட்" தட்டிவிடுகிறார்கள், அங்கேதான் கோட்டை விடுகிறோம். அதில் "என்ரோல் மோக்", அப்புறம் கன்டின்யூ, எஸ், முன்னால் கொடுத்த அதே பாஸ்வேர்டு, ரீபூட். இதைச் செய்யாவிட்டால் டிரைவர் டிஸ்க்கில் இருக்கும், ஆனால் கையெழுத்து செல்லாது என்று கர்னல் வாசலிலேயே நிறுத்திவிடும். தவறவிட்டிருந்தால் பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை அணைப்பது சுலபமான வழி. வின்டோஸும் சேர்ந்து இருக்கிற மெஷினில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கிற வின்டோஸ் வசதி) போட்டிருந்தால் மட்டும், அதன் ரெக்கவரி கீயைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

பாஸ்வேர்டு அடித்ததும் கண்சிமிட்டித் திரும்ப பாஸ்வேர்டு பெட்டிக்கே வந்து நிற்கிறதா? டிரைவரைத் தொடுவதற்கு முன் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி, கருப்புத் திரையில் லாகின் செய்து, டிஎஃப், இடைவெளி, கோடு, எச் என்று பாருங்கள். டிஸ்க் 100 சதவீதம் நிரம்பியிருந்தாலும் இதே கூத்துதான் நடக்கும்.

படம் வருகிறது, ஆனால் அளவு சரியில்லை என்பது தனிக்கதை. பழைய மானிட்டரில் 1024க்கு 768-க்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது என்று காட்பாடியில் ஒரு டியூஷன் சென்டரில் கூப்பிட்டார்கள். டிரைவரை மூன்று தடவை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். எனக்குக் கேபிள் மேல்தான் சந்தேகம். மானிட்டர் தன் அளவு என்ன என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சங்கதிக்கு இடிஐடி என்று பெயர், நீல மண்டை விஜிஏ கேபிளில் அது 12-ஆவது, 15-ஆவது முள் வழியாகத்தான் வருகிறது. கழற்றிப் பார்த்தால் ஐந்து ஐந்தாக மூன்று வரிசை, ஒடுங்கின பக்கத்து வரிசையில் கடைசி முள் வளைந்து படுத்திருந்தது. (நடுவரிசையில் 9-ஆவது முள் இல்லாமல் இருந்தால் பரவாயில்லை, அது பல கேபிள்களில் இருக்காது.) ஊசியால் நிமிர்த்திச் செருகினதும் சரியான அளவு தானாகவே பட்டியலில் வந்துவிட்டது. கேபிளை மாற்ற வழியில்லாதபோது சிவிடி 1366 768 என்று கொடுத்து, அது துப்புகிற மோட்லைன் வரியை எக்ஸ்ரேண்டரில் (எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர்) நியூமோட், ஆட்மோட் என்று சேர்க்கலாம். அது 1368 என்று காட்டினால் குழம்பாதீர்கள், எட்டின் மடங்குக்கு அதுவே நகர்த்திக்கொள்கிறது. ஆனால் இந்த வித்தை எக்ஸ்ஆர்க் செஷனில்தான் பலிக்கும், வேலண்டில் பலிக்காது (இரண்டும் திரையில் ஜன்னல்களைக் காட்டுகிற அமைப்புகள், எக்ஸ்ஆர்க் பழசு, வேலண்ட் புதுசு).

டிவியில் எச்டிஎம்ஐ போட்டு ஓரம் வெட்டுப்பட்டால் டிவி ரிமோட்டில் படத்தின் அளவை ஸ்க்ரீன் ஃபிட் மாதிரி ஒன்றுக்கு மாற்றுங்கள், லினக்ஸில் ஒன்றும் செய்ய வேண்டாம்.

இன்டெல் லேப்டாப்பில் திரை மினுக்மினுக் என்று துடித்தால், முன்னால் நோமோட்செட் போட்ட அதே இடத்தில் ஐ915, ஒரு புள்ளி, எனேபிள், அடிக்கோடு, பிஎஸ்ஆர், சமக்குறி, பூஜ்யம் என்று ஒட்டி எழுதிப் பாருங்கள். துடிப்பு நின்றால் ஈடிசி ஃபோல்டர், அதற்குள் டிஃபால்ட், அதற்குள் க்ரப் என்ற ஃபைலில் கொயட் ஸ்ப்ளாஷ் என்று இருக்கிற மேற்கோளுக்குள் சேர்த்து, சூடோ அப்டேட்-க்ரப் கொடுத்தால் நிரந்தரம். நிற்கவில்லை என்றால் லாகின் திரையில் பல்சக்கரத்தைத் தட்டி இரண்டும் பட்டியலில் இருந்தால் வேலண்டிலிருந்து எக்ஸ்ஆர்குக்கோ, அங்கிருந்து இங்கோ மாறிப் பாருங்கள்.

அரைமணி நேரம் நன்றாக ஓடி, அப்புறம் புள்ளி புள்ளியாக, கோடு கோடாக வந்து உறைந்துவிட்டால் அது சூடு. வேலூரில் மே மாசம் 40 டிகிரியைத் தாண்டுகிற அறையில் கார்டு ஃபேனில் பஞ்சு மாதிரி தூசி அடைத்திருந்தால் அது பாவம் என்ன செய்யும்? சென்சார்ஸ் கட்டளையில் சூட்டைப் பாருங்கள், தூசியை ஊதுங்கள். அதே கோடுகள் பயாஸ் திரையிலேயே தெரிந்தால் டிரைவர் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், கார்டு போய்விட்டது.

இவ்வளவும் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை, யாரிடமாவது கேட்கப் போகிறீர்கள் என்றால், எல்எஸ்பிசிஐயில் அந்த விஜிஏ பகுதி, யுநேம் கோடு ஆர் காட்டுகிற கர்னல் எண், போன தடவை பூட் ஆனபோது வந்த பிழைகள் இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். கடைசியதற்கு ஜர்னல்சிடிஎல், கோடு பி, கோடு ஒன்று, இன்னொரு கோடு பி, மூன்று. முதல் பி பேட்டரியின் பி, இரண்டாவது பேப்பரின் பி, இதையும் போனில் சொல்லித்தான் கற்றுக்கொண்டேன்.