காட்டுயிர்களைக் காதால் கண்காணிக்க: முதல் ஒலிப்பதிவு

கத்தும் தவளையைத் தேடிப் போனால், பக்கத்தில் போனதுமே அது அடங்கிவிடும். ஒரு ரெக்கார்டரை வைத்துவிட்டு நாம் விலகிவிட்டால் இரவு முழுக்கக் கத்தும். ஒலிப்பதிவின் பெரிய பலம் இதுதான்: விலங்கைத் தொந்தரவு செய்யாமலே அது இருப்பது தெரிந்துவிடும்.

படி 1: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"இங்கே என்னென்ன வாழ்கின்றன?" என்று ஆரம்பித்தால் திணறிப்போவீர்கள். "மழை நின்றபின் இந்தக் குளத்தில் தவளைகள் எத்தனை இரவு கத்துகின்றன?" போதும். எப்போது, எவ்வளவு நேரம் பதிவு செய்வது என்பதெல்லாம் இந்தக் கேள்வியிலிருந்தே வரும்.

படி 2: கருவியும் செட்டிங்கும்

பழக செல்போனே போதும். பல நாள் வெளியில் விட்டுவைக்க, ஆடியோமோத் போன்ற சிறு ரெக்கார்டர் வேண்டும். சாம்பிள் ரேட்டை, அதாவது ஒரு விநாடிக்கு எத்தனை முறை கருவி ஒலியை அளக்கிறது என்பதை, கவனமாக வையுங்கள். அதில் பாதி அதிர்வெண் வரைதான் பதிவாகும். 48 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் 24 வரை கிடைக்கும். பறவைக்கும் தவளைக்கும் அது தாராளம். வவ்வால்கள் பெரும்பாலும் நம் காதுக்கு எட்டாத 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒலி எழுப்புபவை. சில 100-ஐயும் தாண்டும். அவற்றுக்கு ஆடியோமோத்தில் உள்ள 384-ஐ வையுங்கள். கோப்பு வேவ் வடிவில் இருக்கட்டும். எம்பி3 இடத்தை மிச்சம் பிடிக்க ஒலியின் சில பகுதிகளை வெட்டிவிடும்.

48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் (ஒவ்வொரு அளவீட்டின் நுணுக்கம்), மோனோ (ஒற்றை ஒலித்தடம்) என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 345 எம்பி ஆகும். பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் மட்டும் பதிந்தால், 32 ஜிபி கார்டு ஒரு மாதத்துக்கு மேல் வரும்.

படி 3: வைக்கும் இடம்

மெல்லிய மரத்தில் கட்டுங்கள்; பருத்த அடிமரம் பின்பக்கத்து ஒலியை மறைக்கும். உரசும் இலைகளையும் ஓடும் நீரையும் தவிர்த்துவிடுங்கள். இடம், தேதி, மழை, காற்று எல்லாவற்றையும் அன்றே எழுதிவையுங்கள். கருவியின் கடிகாரத்தையும் சரிபாருங்கள்.

படி 4: கேட்பது

ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் கோப்பைத் திறந்து, ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமுக்கு மாறுங்கள். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் அதிர்வெண். சில நாளிலேயே குரல்களைக் கண்ணாலேயே அடையாளம் காணத் தொடங்குவீர்கள். அந்த மகிழ்ச்சியே தனி. அப்புறம் பேர்ட்நெட், குரலை வைத்து இனத்தை ஊகிக்கும் மென்பொருள். அது பதிவை 3 விநாடித் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் இனத்தின் பெயரையும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண்ணையும் தரும். 0.8 என்றால் எண்பது சதவீதம் சரி என்று பொருளில்லை. ஒவ்வொரு இனத்திலும் சில துண்டுகளை நீங்களே கேட்டு, காட்டுயிர்க் குரல்களைத் தொகுத்து வைத்திருக்கும் சீனோ-கான்டோ இணையதளத்திலுள்ள பதிவுகளோடு ஒப்பிடுங்கள்.

எண்ணும்போது கவனம். நூறு குரல் பதிவானால் நூறு பறவை என்று ஆகாது. ஒரே பறவை விடிய விடியப் பாடியிருக்கலாம். குரலே கேட்கவில்லை என்றாலும் விலங்கு இல்லை என்று எழுதிவிடாதீர்கள். தவளைகளில் பெரும்பாலும் ஆண்தான் கத்தும், அதுவும் இனப்பெருக்கக் காலத்தில். பதிவில் மனிதர்களின் பேச்சு விழுந்திருந்தால், யாருக்கும் பகிரும் முன் அந்தப் பகுதியை அழித்துவிடுங்கள்.