லண்டனில் கடை வைக்கப் போகும் மதுரைக்காரர்களுக்கு

நரிமேட்டில் இருக்கும் என் வீட்டுக்கு மாதத்தில் இரண்டு பேராவது வருகிறார்கள். விசா வந்துவிட்டது, அடுத்த வாரம் விமானம். அங்கே போய்ச் சின்னதாக ஒரு தொழில் தொடங்கலாமா என்று கேட்கிறார்கள். கிழக்கு லண்டனில் பதினோரு ஆண்டுகள் மளிகைக் கடை நடத்தித் திரும்பியவன் நான். கடை வாடகை, சரக்கு பற்றியெல்லாம் பேசுவதற்கு முன் அவர்களிடம் 2020-இல் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அதற்கும் முன்னால் விசா. மாணவர் விசாவில் போகிறவர்கள் சொந்தத் தொழில் செய்யக் கூடாது. உடன் செல்லும் கணவனுக்கோ மனைவிக்கோ பொதுவாக அந்தத் தடை இல்லை. எதற்கும் உங்கள் விசா நிபந்தனையை ஒரு வரி விடாமல் படித்துவிடுங்கள்.

மேலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் அங்கே கல்யாணச் சமையல் எடுத்துச் செய்துகொண்டிருந்தார். நல்ல வருமானம், பெரும்பாலும் ரொக்கம். வரிக்கணக்கில் அதில் பாதியைக்கூடக் காட்டவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, கல்யாணங்கள் நின்றன. சுயதொழில் செய்பவர்களுக்கு அரசு உதவித்தொகை அறிவித்தது: சராசரி லாபத்தில் 80 சதவீதம், மூன்று மாதத்துக்குச் சேர்த்து அதிகபட்சம் 7,500 பவுண்டு. திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் சராசரி பார்த்தது 2018-19 வரையிலான வரிக்கணக்கை வைத்து. நண்பர் என் வீட்டு மேசையில் ஒரு நீள நோட்டைப் பிரித்து வைத்தார். மேலே பிள்ளையார் சுழி. கீழே பென்சிலில் ‘அட்வான்ஸ் 200, மீதி வரணும்’ என்று பக்கம் பக்கமாக எழுத்து. அத்தனையும் உண்மைக் கணக்கு. வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யைப் பொறுத்தவரை அப்படி ஒரு நோட்டே கிடையாது. கைக்கு வந்த தொகை இரண்டு மாத வீட்டு வாடகைக்குக் காணவில்லை.

2019 ஏப்ரலுக்குப் பிறகு ஓராண்டுக்குள் தொழில் தொடங்கியவர்கள் நிலை இன்னும் மோசம். 2021-இல் அந்த உதவித்தொகையின் நான்காவது தவணை வந்தபோதுதான் அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இன்னொரு விஷயம் என் மனதை இன்றும் அறுக்கிறது. ‘பொது நிதியைப் பெறக் கூடாது’, அதாவது அரசின் நல உதவிகளை வாங்கக் கூடாது என்ற நிபந்தனை பல விசாக்களில் உண்டு. அதற்குப் பயந்து தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர்களை நான் அறிவேன். அந்த உதவித்தொகை பொது நிதிப் பட்டியலில் வராது. யாரிடமும் கேட்காமல், 2020 ஜூலை 13 என்ற கடைசித் தேதியைத் தவறவிட்டார்கள். தெரியாவிட்டால் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுச் சட்டம் என்று நினைக்காதீர்கள். 2020 ஜூன் 24 முதல் மதுரையில் முழு ஊரடங்கு. தள்ளுவண்டியில் டீ விற்கும் என் தம்பி அடுப்பை அணைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தான். பிறகு சாலையோர வியாபாரிகளுக்கான பிரதமர் ஸ்வநிதித் திட்டத்தில் 10,000 ரூபாய் கடன் வாங்கித்தான் வண்டியை மறுபடி தள்ளினான். வியாபாரி அடையாள அட்டையைப் பத்திரமாக வைத்திருந்ததால் அலைச்சல் குறைந்தது.

ஆகவே போனதும் செய்ய வேண்டியது: தொழில் தொடங்கிய வரி ஆண்டு ஏப்ரல் 5-இல் முடியும், அடுத்து வரும் அக்டோபர் 5-க்குள் வரித்துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். ரொக்கம் வந்தால் அன்றே எழுதுங்கள். ஆன்லைனில் வரிக்கணக்குக் கொடுக்க ஜனவரி 31 கடைசி. அதன் பிறகும் ஐந்து ஆண்டுகளுக்கு ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

நடந்துகொண்டிருக்கும் கடையைக் கம்பெனியோடு வாங்குகிறவர்கள் இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். கொரோனா காலத்தில் ‘பவுன்ஸ் பேக்’ என்று 50,000 பவுண்டு வரை கடன் கொடுத்தார்கள். முதல் ஆண்டு வட்டி இல்லை, பிறகு 2.5 சதவீதம். அரசு உத்தரவாதம் என்றதும் மானியம் என்று பலர் எண்ணிவிட்டார்கள். உத்தரவாதம் வங்கிக்குத்தான், கடன் வாங்கியவர் கட்டித்தான் ஆக வேண்டும். தவணையைப் பத்து ஆண்டுகள் வரை நீட்டிக்கொள்ள வழி இருந்ததால் இன்னும் முடியாத கடன்கள் உண்டு. கம்பெனியை வாங்கினால் அதன் கடனும் கூடவே வரும். முன்பணம் கொடுப்பதற்கு முன் வங்கி அறிக்கையையும், கடன் பாக்கி எவ்வளவு என்று எழுத்திலும் கேட்டு வாங்குங்கள். விற்பவர் தயங்கினால், எவ்வளவு நல்ல முக்குக் கடையாக இருந்தாலும், விட்டுவிட்டு வேறு கடை பாருங்கள்.