சங்கீதம் 13-ஐ வைத்து மனப்பாரத்தை ஜெபிப்பது எப்படி

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "ஸ்தோத்திரம், கர்த்தர் நல்லவர்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். உள்ளே கோபமோ பயமோ கொதிக்கும்போதும் அதே பதில்தான் வருகிறது என்றால், அந்தப் பாரம் ஜெபத்துக்குள் வராமலே போய்விடுகிறது. வேதாகமத்தின் ஜெபப்பாடல்களான சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். தேவனிடமே முறையிடுவது அவிசுவாசம் அல்ல. அவர் கேட்கிறார் என்று நம்புகிறவர்தான் முறையிடுவார்.

தொடங்குவதற்கு 13-ஆம் சங்கீதம் நல்லது. ஆறே வசனங்கள். முதல் இரண்டில் முறையீடு: "எதுவரைக்கும்" என்று நான்கு முறை வருகிறது. அடுத்த இரண்டில் விண்ணப்பம், கடைசி இரண்டில் நம்பிக்கை.

முதலில் ஐந்து நாள் தனியாக, தினமும் 15 நிமிடம். போனை வேறு அறையில் வைத்துவிட்டு, சங்கீதத்தை வாய்விட்டு இரண்டு முறை வாசியுங்கள். பிறகு நோட்டில் இன்றைய உணர்வுக்குப் பெயர் எழுதுங்கள். "மனசு சரியில்லை" என்பது போதாது, அதற்குள் எல்லாமே ஒளிந்துகொள்ளும். கோபமா, பயமா, வெட்கமா, பொறாமையா, துக்கமா? யார்மேல், எதனால்? அதையே நான்கு "எதுவரைக்கும்" வரிகளாக எழுதுங்கள்: "கர்த்தாவே, எதுவரைக்கும் கடன்காரர் போன் அடித்தாலே என் நெஞ்சு படபடக்கும்?" இந்த அளவுக்குக் குறிப்பாக இருக்கட்டும். அதன்பின் ஒரே ஒரு விண்ணப்பம்.

5, 6-ஆம் வசனங்களை முதல் மூன்று நாள் வாசித்தால் போதும், சொந்த வார்த்தையில் எழுத வேண்டாம். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: துக்கத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே துதிக்குத் தாவிவிடுகிறார்கள். "என் இருதயம் களிகூரும்" என்றுதான் சங்கீதக்காரர் சொல்கிறார். களிகூர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை.

எழுதவே தெம்பில்லாத நாளில் முதலில் சாப்பிட்டுத் தூங்குங்கள். 1 இராஜாக்கள் 19-இல், சாக வேண்டும் என்று சூரைச்செடியின்கீழ்ப் படுத்த எலியாவுக்குத் தூதன் முதலில் கொடுத்தது போதனை அல்ல, அடையும் தண்ணீரும். அதுவும் இரண்டு முறை.

அடுத்து குழு. நான்கு முதல் ஆறு பேர், வாரம் ஒருமுறை, 75 நிமிடம், ஆறு வாரம். ஒரே வீட்டாரை ஒரே குழுவில் சேர்க்காதீர்கள். மாமியார் எதிரில் மருமகள் என்ன பேசுவாள்? தேநீருக்கு 10 நிமிடம், வாசிப்புக்கு 10, பகிர 40, ஜெபத்துக்கு 15. கடிகாரம் பார்த்து ஆளுக்கு ஆறேழு நிமிடம் கொடுங்கள், குழுத்தலைவருக்கும் அவ்வளவுதான். ஒருவர் பேசி முடித்ததும் ஒரு நிமிடம் அமைதி. பிறகு ஒரே கேள்வி: "இதற்காக ஆண்டவரிடம் என்ன கேட்கணும்?" அவர் சொன்னதை அவர் வார்த்தைகளிலேயே ஜெபியுங்கள். "ஆண்டவரே, இந்தச் சகோதரி உம்மை இன்னும் அதிகமாய் நம்பக் கிருபை தாரும்" என்பது ஜெபம் போலத் தெரியும், உண்மையில் புத்திமதி. அதைக் கேட்டவர் அடுத்த வாரம் வாயே திறக்கமாட்டார். எல்லாவற்றையும் இழந்து துக்கத்தில் இருந்த யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்தவரைக்கும் நன்றாகத்தான் செய்தார்கள்.

குழுவை உடைக்கும் இன்னொன்று, "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் அறையில் கேட்டதை வாட்ஸ்அப்பில் போடுவது. சொன்னவரின் அனுமதியில்லாமல், போதகரிடம்கூடச் சொல்வதில்லை என்று முதல் நாளே எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. அதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

ஆறாம் வாரம் 88-ஆம் சங்கீதம். அது இருளிலேயே முடிகிறது. முடிவில் ஒரு துதிப்பாட்டைச் சேர்க்கக் கை பரபரக்கும், சேர்க்காதீர்கள். நம்பிக்கையின் வரி வராத ஜெபத்துக்கும் வேதத்தில் இடம் உண்டு என்பதை அன்றுதான் சிலர் முதல்முறையாக உணர்வார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லை, அன்றாட வேலை ஓடவில்லை என்றால் குழு மட்டும் போதாது, மருத்துவர் வேண்டும். சாக வேண்டும் என்று யாராவது சொன்னால் அன்றே உதவி தேடுங்கள்: மனநல உதவிக்கான தொலைபேசி எண், இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926. மாத்திரையை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. முதல்முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது குழுவிலிருந்து ஒருவர் கூடவே போய், சீட்டு வாங்கி, டாக்டர் அழைக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.