கல்லடியில் பழகி, காலிமுகத்திடலில் படம் எடுப்போம்: விமான சாகசப் படங்களுக்கு ஒரு தொடக்கப் பாடம்

பெரிய விமான சாகசக் காட்சி பார்க்க வேண்டும் என்றால் மட்டக்களப்புக்காரர் கொழும்புக்குத்தான் போக வேண்டும். 2021 மார்ச்சில் இலங்கை விமானப்படையின் 70 ஆவது ஆண்டுக்காக இந்தியாவின் சூர்யகிரண் சாகச ஜெட் குழு, சாரங் ஹெலிகொப்டர்கள், தேஜஸ் போர் விமானம் எல்லாம் காலிமுகத்திடல் பக்கம் பறந்தன. ஆனால் படம் எடுக்கப் பழகுவதற்குக் கொழும்பு தேவையில்லை. வாவியும் பறவைகளும் இங்கேயே இருக்கின்றன.

படி 1: பறவையில் கை பழகட்டும்

பின்னேரம் கல்லடிப் பாலத்தடிக்குப் போங்கள். கமராவில் இரண்டு விஷயங்களை மாற்றுங்கள். ஒன்று, நகரும் பொருளை விடாமல் கூர்மையாக வைத்திருக்கும் தொடர் போகஸ்: நிக்கன், சோனியில் ஏஎஃப்-சி, கெனனில் சேர்வோ. மற்றது, தொடர்ச்சியாகப் படம் எடுக்கும் பேர்ஸ்ட் முறை.

இனி நிற்கும் விதம். படத்தை எந்த இடத்தில் எடுக்கப் போகிறீர்களோ, அந்தப் பக்கம் பாதங்களை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இடுப்பை மட்டும் திருப்பி, பறவை வரும் திசையிலிருந்தே அதைப் பின்தொடருங்கள். முழங்கை விலாவோடு ஒட்டி இருக்கட்டும். பட்டனை அழுத்திய பிறகும் கமரா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பலர் அழுத்துகிற கணத்தில் கையை நிறுத்திவிடுவார்கள், படம் கலங்கிவிடும்.

முதலில் கொக்கு. அது நேராக, ஆறுதலாகப் பறக்கும். மறுகா செம்பருந்து, அது வட்டமடிக்கும். ஆலாவை ஓரளவு கூர்மையாக எடுக்க முடிந்தால் நீங்கள் ஜெட் விமானத்துக்குத் தயார். என் கணக்கில் ஆலா ஜெட்டைவிடக் கஷ்டம். அது எப்போது திரும்பும் என்று அதற்கே தெரியாது. சாகச விமானியோ ஒத்திகை பார்த்த பாதையில்தான் வருவார்.

ஒரு எச்சரிக்கை. பயிற்சி என்று சொல்லிக்கொண்டு மட்டக்களப்பு விமான நிலையத்து வேலிப் பக்கம் லென்ஸை நீட்ட வேண்டாம். அங்கே விமானப்படை முகாமும் இருக்கிறது.

படி 2: சூரியன் எந்தப் பக்கம்?

நல்ல லென்ஸ் வாங்குவதைவிட இது முக்கியம். நம்முடைய கடல் கிழக்கே, காலிமுகத்திடலின் கடல் மேற்கே. அங்கே காலையில் கடலைப் பார்த்து நின்றால் வெயில் முதுகில் விழும். விமானத்தின் நிறம், எழுத்து எல்லாம் தெளியும். பின்னேரம் என்றால் சூரியன் முகத்துக்கு நேரே வரும், விமானம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். அந்த நேரத்தில் நிழலுருவையே எடுங்கள். புகைக்கோடு பின்வெளிச்சத்தில் அழகாக விழும்.

படி 3: ஜெட்டுக்கு ஒரு வேகம், விசிறிக்கு ஒரு வேகம்

ஷட்டர் வேகம், அதாவது கமராவின் கதவு திறந்திருக்கும் நேரம், ஜெட் விமானத்துக்கு 1/1600 விநாடி அல்லது அதைவிட வேகம். லென்ஸ் வெளிச்சத்தை உள்ளே விடும் துவாரம் எஃப் 7.1 போதும்.

அதே வேகத்தில் எம்ஐ-17 ஹெலிகொப்டரை எடுத்தால் விசிறி அப்படியே உறைந்து, கடையில் தொங்கும் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஹெலிகொப்டருக்கும் வை-12 போன்ற விசிறி விமானங்களுக்கும் 1/250க்கு இறங்குங்கள். கை உறுதியானால் 1/125. நிறையப் படம் கலங்கத்தான் செய்யும். தேறுகிற ஒன்றிரண்டில் விசிறி சுழல்வது தெரியும்.

வானம் வெளிச்சமாக இருப்பதால் கமரா ஏமாந்து விமானத்தை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +0.7 ஏற்றி வையுங்கள். வெள்ளைப் புகை வெயிலில் பளிச்சென்று வெளுத்தால் பூச்சியத்துக்கு இறக்குங்கள்.

இரண்டு விமானங்கள் எதிரெதிரே வந்து கடக்கும்போது இரண்டையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஒன்றை மட்டும் பின்தொடருங்கள், மற்றது தானாகவே படத்துக்குள் வரும். சூர்யகிரண் மாதிரி ஒன்பது விமானங்கள் அணியாக வந்தால் லென்ஸைக் கொஞ்சம் அகலமாக்குங்கள். ஓரத்து விமானத்தின் இறக்கை வெட்டுப்பட்டால் அந்தப் படம் போயிற்று.

இன்னொன்று, சத்தம். என் அக்காவின் மகனோடு ஒரு முறை நின்றபோது அவன் கேட்டான்: "மாமா, சத்தம் வாற பக்கம் பாத்தா ஒண்டையும் காணல்லயே!" காணாதுதான். சத்தம் விநாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர்தான் ஓடும். இரண்டு கிலோமீற்றர் தூரத்து ஜெட்டின் சத்தம் நம்மிடம் வர ஆறு விநாடி ஆகும். அதற்குள் விமானம் வெகுதூரம் போயிருக்கும். "சத்தத்துக்கு முன்னால தேடு மருமகன்" என்றேன், பிடித்துக்கொண்டான்.

படி 4: அன்றைய நாள்

இரவு ரெயிலிலோ பஸ்ஸிலோ போனால் விடியக் கொழும்பில் இறங்கலாம். கோட்டை நிலையத்திலிருந்து காலிமுகத்திடல் நடக்கிற தூரம்தான். பை பாரமாக வேண்டாம்: ஒரு லென்ஸ், மேலதிக பற்றரி, மெமரி கார்ட், தொப்பி, சோற்றுப் பார்சல், தண்ணீர். தண்ணீரை விளையாட்டாக எடுக்காதீர்கள். 2024 ஒக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நடந்த காட்சிக்கு வந்தவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். நேரம் நடுப்பகல், கடும் வெயில், அளவுக்கு மீறிய சனம். தலை சுற்றினால் கமராவை வைத்துவிட்டு நிழலுக்குப் போங்கள்.

கடற்கரையில் லென்ஸ் மாற்ற வேண்டாம், உப்புக்காற்றும் மணலும் உள்ளே போய்விடும். ட்ரோன் வீட்டிலேயே இருக்கட்டும்.

போன் மட்டும்தான் இருக்கிறதா? பரவாயில்லை. சூம் பண்ணாதீர்கள். கீழே சனம், பட்டம், கடலை வண்டி, மேலே புகைக்கோடு என்று அகலமாக எடுங்கள். பெரிய லென்ஸ்காரர்களுக்கு அந்தப் படம் கிடைக்காது.

படி 5: வீட்டுக்கு வந்த பிறகு

விமானத்தின் மூக்கோ விமானி இருக்கும் கண்ணாடியோ கூர்மையாக இல்லாத படங்களை யோசிக்காமல் அழியுங்கள். கடல் சரிந்திருந்தால் நேராக்குங்கள். விமானத்துக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் விட்டு வெட்டுங்கள். நீல வானத்தில் தெரிகிற சாம்பல் புள்ளிகள் சென்சரில் உள்ள தூசி, அவற்றை மென்பொருளில் எடுத்துவிடலாம்.

வீடியோவை வீட்டில் போட்டுக் காட்டும்போது சத்தத்தைக் குறைத்துப் போடுங்கள். யுத்தத்தில் குண்டு போட்ட கிபிர் போர் விமானத்தின் சத்தத்துக்குப் பயந்து ஓடி ஒளிந்தவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்த இரைச்சல் என் அம்மாவுக்குப் பிடிக்காது. அதில் வாதிட ஒன்றுமில்லை.

நல்ல படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் 'டொக்யுமெண்ட்' ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், நீங்கள் பாடுபட்டுப் பிடித்த கூர்மை அதிலேயே போய்விடும்.