கேம்பர் வானில் இரட்டைச் சார்ஜ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய டொல்பின் வானின் இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் அடித்து, கூரையில் சோலர் பனலும் உள்ளே மேலதிகமாக ஒரு பற்றரியும் பொருத்திக்கொண்டு ஏ9 வீதியில் புறப்படுகிறவர்கள், சோலரும், என்ஜின் ஓடும்போது மின் தரும் அல்டர்னேற்றரும் ஒரே பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றினால் ஒன்றோடொன்று மோதாதா என்றே முதலில் கேட்கிறார்கள். மோதாது. இரண்டும் பற்றரியின் வோல்ற்றளவைப் பார்த்துத்தான் இயங்குகின்றன. எது உயர்ந்த வோல்ற்றில் தருகிறதோ அது கூடுதல் சுமையை எடுத்துக்கொள்ளும். வில்லங்கம் பெரும்பாலும் தொடுக்கும் இடத்திலேயே தொடங்குகிறது.

நான் செய்த தவறையே சொல்கிறேன். என்ஜின் பற்றரி இறங்காமல் இருக்கட்டும் என்று ஒரு சிறிய பனலை அதனுடன் தொடுத்திருந்தேன். அதிலிருந்து உள் பற்றரிக்கு, அதற்கேற்ற வோல்ற்றில் அளவாக மின்னை மாற்றித் தரும் 30 அம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று போனது. மாங்குளத்தில் ஒரு நண்பகல், வான் சாவி என் சட்டைப் பையில் கிடக்க, சார்ஜரின் பச்சை விளக்கு சில விநாடிகள் எரிவதும் அணைவதுமாக இருந்தது. வெயிலில் என்ஜின் பற்றரி 13.3 வோல்ற்றைத் தொட்டதும், என்ஜின் ஓடுகிறது என்று எடுத்துக்கொண்ட சார்ஜர் அதிலிருந்து உறிஞ்சத் தொடங்கி, வோல்ற் விழுந்ததும் நின்று, மறுபடி ஏறியதும் மறுபடி உறிஞ்சியிருக்கிறது. இப்படியே போனால் என்ஜின் பற்றரி ஒருநாளும் நிறையாது. சாவியைத் திருப்பினால் மட்டும் மின் வருகிற வயரைத் தேடிப் பிடித்துச் சார்ஜருக்குக் கொடுத்த பிறகே அந்த விளக்கு அடங்கியது. பிரதான சோலரை எப்போதும் அதற்குரிய கொன்ட்ரோலர் (பனலின் மின்னைப் பற்றரிக்கு ஏற்றபடி கட்டுப்படுத்தும் கருவி) ஊடாக உள் பற்றரிக்கே நேராகக் கொடுக்க வேண்டும்.

செலவைக் குறைக்க நினைத்து, டிசி-டிசி சார்ஜரைத் தவிர்த்து இரு பற்றரிகளையும் நேராகத் தொடுக்கும் மின்சுவிட்சான வெறும் ரிலே ஒன்றால் லித்தியம் பற்றரியை இணைப்பது இதைவிடப் பெரிய தவறு. லித்தியம் கிடைக்கிற அம்பியர் அத்தனையையும் இழுக்கும்; புகையிரதக் கடவையில் என்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கும்போதோ அல்டர்னேற்றரின் காற்றாடி மெதுவாகவே சுற்றும் என்பதால், அது சூடேறிக் கருகக்கூடும். லித்தியத்தின் பாதுகாப்புச் சுற்று திடீரெனத் துண்டித்தால் எழும் வோல்ற் வீச்சில் அல்டர்னேற்றரின் டயோட்டுகளும் போகலாம்.

ஓடினாலே பற்றரி நிறைந்துவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர ஓட்டம். 30 அம்பியர் சார்ஜர் அதற்குள் அதிகம் போனால் 30 அம்பியர்-மணியே தரும். ஈய பற்றரியின் கடைசி 20 சதவீதம் பல மணி நேரம் மெல்ல மெல்லவே ஏறும் என்பதால், அதை முடித்துவைப்பது பகல் முழுக்க நிற்கும் வெயில்தான். ஆகையால் பாலைமர நிழலில் வானை நிறுத்திவிட்டுச் சோலரைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே பனலின் வரவு பெருமளவு குறையும். கார்த்திகை மழையில் கதை தலைகீழாகும். அப்போது அல்டர்னேற்றரை நம்பித்தான் ஓட வேண்டும்.

வயரில் மிச்சம் பிடிக்கக் கூடாது. 5 மீற்றர் தூரத்துக்கு 6 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 30 அம்பியரை அனுப்பினால், போக வர ஏறக்குறைய 0.9 வோல்ற் வழியிலேயே தொலைந்து, சார்ஜர் என்ஜின் நின்றுவிட்டதாக எண்ணி நிறுத்திவிடக்கூடும். 16 சதுர மில்லிமீற்றரில் இழப்பு 0.3 அளவுதான். இரு முனைகளிலும் பற்றரி இருப்பதால், இரு முனைகளிலும் பற்றரிக்கு அருகிலேயே பியூஸ் வேண்டும்.

கொன்ட்ரோலருக்கு முதலில் பற்றரியையும் பிறகே பனலையும் தொடுக்க வேண்டும். கொன்ட்ரோலரிலும் டிசி-டிசி சார்ஜரிலும் உள் பற்றரியின் வகையை ஒன்றுபோலத் தெரிவுசெய்ய வேண்டும். 12 வோல்ற் ஈய பற்றரிக்கு, 25 பாகையைத் தாண்டும் ஒவ்வொரு பாகைக்கும் சார்ஜ் வோல்ற்றை ஏறத்தாழ 0.02 குறைக்க வேண்டும் என்பதால், நம் பக்கத்து வெயிலுக்கு வெப்ப சென்சர் அவசியம். அதைப் பற்றரியின் பக்கவாட்டில் ஒட்ட வேண்டும். வெயிலில் கொதிக்கும் வானின் தகரச் சுவரில் ஒட்டியிருப்பதையும் கண்டிருக்கிறேன்.