நல்ல சோயா சோஸ் போத்தலைப் பார்த்து வாங்குவது எப்படி?

லீக்ஸ், கரட், கோவா எல்லாம் பக்கத்துத் தோட்டத்திலிருந்தே வருகிற மலையகத்தில், ப்ரைட் ரைஸ் ருசி கெடுவது பெரும்பாலும் சோயா சோஸால்தான். ஹட்டன், பண்டாரவளைக் கடைகளில் பலரும் நல்ல கறுப்பாக, தடிப்பாக இருக்கும் போத்தலையே தேடி எடுக்கிறார்கள். அந்தக் கறுப்பைக் கரமல், அதாவது சீனியைக் கருக்கி எடுக்கும் நிறப்பொருள், ஊற்றியே வரவழைக்கலாம்.

படி 1: போத்தலைத் திருப்புங்கள்

பின்பக்கம் சேர்மானப் பட்டியல் இருக்கும். எது அதிகமோ அது முதலில் வரும். முறையாக நொதிக்கவைத்த சோஸுக்குத் தண்ணீர், சோயா, கோதுமை, உப்பு ஆகிய நான்குமே போதும். அவித்த சோயாவையும் வறுத்து உடைத்த கோதுமையையும் கலந்து, அஸ்பெர்ஜிலஸ் ஒரைசே என்ற பூஞ்சணத்தை அதில் வளர்த்து, உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறவிடுவார்கள். புரதம் மெல்ல உடைந்து அமினோ அமிலங்களாகும். ருசி அங்கேதான் பிறக்கிறது.

பட்டியலில் 'நீர்ப்பகுப்புச் செய்த தாவரப் புரதம்' என்று இருந்தால் கதை வேறு. ஐதரோக்குளோரிக் அமிலத்தில் காய்ச்சிச் சில நாட்களிலேயே புரதத்தை உடைத்து, பிறகு காரப்பொருள் (அல்கலி) சேர்த்து அமிலத்தன்மையைப் போக்கியிருப்பார்கள். இதற்கு மணமும் நிறமும் தானாக வராது. அதனால்தான் கரமலும் சீனிப்பாகும் சேர்கின்றன. இந்த முறையில் 3-எம்சிபிடி என்ற வேண்டாத பொருளும் உருவாகலாம். ஐரோப்பிய ஒன்றியம் சோயா சோஸில் அதற்குக் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. இரண்டு வகையையும் கலந்து விற்பவர்களும் உண்டு.

ஈ 211, ஈ 621 போன்ற எண்களைக் கண்டு பயப்படத் தேவையில்லை. முதலாவது பழுதாகாமல் காக்க, இரண்டாவது ருசி கூட்ட. ஆனால் பட்டியல் நீளமாக இருந்தால் நான் கொஞ்சம் சந்தேகப்படுவேன். இறக்குமதிப் போத்தலில் ஸ்டிக்கர் ஒட்டிப் பட்டியலை மறைத்திருந்தால், வேறொன்றை எடுங்கள்.

படி 2: லைட்டா, டார்க்கா?

சீன வகையில் லைட் என்றால் நிறம்தான் குறைவு, உப்பு குறைவில்லை. டார்க் வகை நிறத்துக்காகவே செய்யப்படுவது. அதில் கரமல் இருப்பதைக் குற்றமாக எடுக்க வேண்டாம்.

படி 3: சீனப் போத்தலில் ஓர் எண்

சில லேபல்களில் அமினோ அமில நைதரசன் அளவு இருக்கும்; ருசி தரும் அமினோ அமிலங்கள் சோஸில் எவ்வளவு என்பதை அது காட்டும். 100 மில்லிலீற்றரில் 0.8 கிராமும் அதற்கு மேலும் என்றால் சீனத் தர வரிசையில் உயர்ந்த தரம், 0.4 கடைசித் தரம். ஈ 621 சேர்த்தாலும் இந்த எண் ஏறும் என்பதால், பட்டியலோடு சேர்த்துத்தான் இதை நம்பலாம்.

படி 4: வீட்டில் ருசி பாருங்கள்

வெள்ளைப் பீங்கானில் கொஞ்சம் ஊற்றிச் சரியுங்கள். லைட் வகை நல்லதாக இருந்தால், ஓரத்தில் மெல்லிதாகப் படரும் இடம் செம்பழுப்பாகத் தெளிந்து தெரியும். போத்தலைக் குலுக்கி நுரை பார்க்கச் சொல்வார்கள், எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. மூக்கு நல்ல சாட்சி: நொதித்ததில் இனிப்பும் லேசான புளிப்பும் கலந்த மணம் வரும், மற்றதில் கருகிய சீனி வாடை முந்தும். அப்புறம் சுடுசோற்றில் இரண்டு சொட்டு விட்டுச் சாப்பிடுங்கள். உப்பு அடங்கிய பிறகும் நாக்கில் ருசி நின்றால் நல்ல சோஸ்.

திறந்த போத்தலில் காற்றுப் பட்டுச் சோஸ் கறுத்து மணம் இழக்கும். நுவரெலியாக் குளிரை நம்பி அடுப்புப் பக்கம் வைக்காமல், மூடியை இறுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எப்போதாவது நூடில்ஸ் போடும் வீட்டுக்குச் சின்னப் போத்தலே போதும்.